கொரில்லாவின் அண்டை வீட்டார்

கொரில்லா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிங்காங்' என்ற திரைப்படத்தில் உயர்ந்த மாளிகையின் உச்சியில் ஏறி நின்று உறுமிய பூதாகாரமான குரங்குதான். மார்பில் அறைந்துகொண்டு பாயும், மனிதரைக் கண்டால் கிழித்தெறியும் என்று ஒரு சித்திரம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையான கொரில்லாவோ தழையையும் தண்டையும் தின்று வாழும் சாதுவான பிராணி. மனிதனைக் கண்டு அது அஞ்சியதற்குத்தான் காரணம் அதிகம் உண்டு. இன்று அதைக் காண்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் மத்திய ஆப்பிரிக்காவின் ஏரிப் பிரதேசத்துக்குப் போகிறார்கள். அந்த யாத்திரை எத்தகையது, வழியில் உள்ள நகரங்கள் யாவை, மனிதர் போய்ப் பார்ப்பதனால் அந்தப் பிராணிக்கு விளைவது நன்மையா தீமையா என்பவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பாகத்தில், பூமியின் மேலோடு பல லட்சம் ஆண்டுகளாகப் பிளந்து விலகிக்கொண்டே வருகிறது. அந்தப் பிளவின் மேற்குக் கிளையில் தண்ணீர் தேங்கியதால் உண்டானவையே ஆல்பர்ட், எட்வர்டு, கிவு, டாங்கனிக்கா என்னும் ஏரிகள். பிளவின் வழியாகப் பூமியின் உள்ளிருந்து தீக்குழம்பு பொங்கி, மலைகளாகவும் குவிந்தது. விருங்கா என்று பெயர்பெற்ற எட்டு எரிமலைகள் அவ்வாறு எழுந்தவை. அவற்றுள் உயர்ந்தது 4,507 மீட்டர் உயரமுள்ள கரிசிம்பி. உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் சபின்யோ என்ற மலையின் சிகரத்தில் சந்திக்கின்றன. அந்தப் பெயருக்குக் 'கிழவனின் பற்கள்' என்று பொருள் சொல்லுகிறார்கள். இடையிடையே உடைந்து நிற்கும் அதன் சிகரங்களைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

எரிமலைச் சாம்பல் படிந்த மண் மிகவும் வளமானது. மழைக்கும் குறைவில்லை. ஆகவே ஆப்பிரிக்காவிலேயே மக்கள் மிக நெருங்கி வாழும் கிராமப் பிரதேசங்களுள் இது ஒன்றாக இருக்கிறது. மலைச்சரிவுகளில் படிப்படியாகப் பாத்தி கட்டி, உருளைக்கிழங்கும் அவரையும் சோளமும் பயிரிடுகிறார்கள். உழவு எங்கே முடிகிறதோ அங்கே காடு தொடங்குகிறது. இடையில் வெற்றுநிலம் என்பதே கிடையாது. மலைக் கொரில்லா வாழ்வது இத்தகைய இடத்தில்தான். குடியானவனின் கொல்லையே அதன் அண்டை வீடு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப் போவன எல்லாம் தெளிவாகும்.

யாத்திரிகர்களிற் பலர் உகாண்டாவில் தொடங்கி ருவாண்டாவில் முடிக்கிறார்கள். நாமும் அந்த வழியே செல்வோம். உகாண்டாவின் விமான நிலையம் என்டெபியில், விக்டோரியா ஏரியின் கரையில் அமைந்திருக்கிறது. சுமார் 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியை ஏரி என்பதைவிடக் கடல் என்பதே தகும். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் தலைநகரான கம்பாலா இருக்கிறது. இம்பாலா என்ற மான்கள் மேய்ந்த குன்று என்பதே அந்தப் பெயரின் மூலம். குன்றுகள் மீது பரவிய நகரம் அது. ஒரு குன்றில் 1922-இல் தோன்றிய மக்கெரெரே பல்கலைக்கழகம். மற்றொன்றில் புகாண்டா மன்னர்கள் நால்வரின் சமாதிகளைக் கொண்ட கசுபி. புல்வேய்ந்த பெருங்கூரையுடன் விளங்கிய அந்தச் சமாதி மண்டபம் 2010-இல் தீக்கிரையாயிற்று. பழைய முறைப்படியே அதை மீண்டும் எழுப்பினார்கள்.

இந்தியர்களுக்கு இந்த நகரம் முற்றும் அந்நியமானதன்று. 1896 முதல் 1901 வரையில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை போடுவதற்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் சென்றார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அந்த வேலையிலேயே மாண்டனர். பின்னர் குஜராத்தி வணிகர்கள் வந்து ஊர்தோறும் கடை வைத்தனர். 1972-இல் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். பல பதினாயிரம் பேர் கட்டிய துணியோடு புறப்பட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சிலர் திரும்பி வந்தார்கள். வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொண்டு வாழ்வோருக்கு அந்த வரலாறு சொல்லும் செய்தியைப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மனிதர் போனபின்னும் அவர்களுடைய உணவு அங்கே தங்கிவிட்டது. கம்பாலாவின் தெருமுனைகளில் முட்டையைப் பொரித்துச் சப்பாத்தியில் சுருட்டித் தருகிறார்கள். அதற்கு 'ரோலெக்ஸ்' என்று பெயர். கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. முட்டைச் சுருள் என்னும் ஆங்கிலத் தொடரே அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது. கிழக்கே ஜின்ஜாவில், நைல் நதி ஏரியைவிட்டுப் புறப்படும் இடத்தருகே, காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் கரைக்கப்பட்டது. அவருடைய மார்பளவுச் சிலையொன்று அங்கே இருக்கிறது.

கம்பாலாவிலிருந்து தென்மேற்கே பூமத்திய ரேகையைக் கடந்து ஒரு பகற்பொழுது முழுவதும் பிரயாணம் செய்தால், மலைநாடு தொடங்குகிறது. கபாலே என்ற ஊரின் அருகே புன்யோன்யி ஏரி. சிறு பறவைகள் மிகுந்த இடம் என்பது அதன் பொருள். எரிமலைக் குழம்பு ஒரு பள்ளத்தாக்கின் வாயை அடைத்ததால் உண்டான ஏரி அது. நீர்ப்பரப்பில் சிறுசிறு தீவுகள் தெரியும். அவற்றுள் ஒற்றை மரம் நிற்கும் ஒரு குட்டித் தீவுக்குத் 'தண்டனைத் தீவு' என்று பெயர். மணமாகாமல் கருவுற்ற பெண்களை முற்காலத்தில் அங்கே தனியே விட்டுவிடுவது வழக்கமாம். இயற்கை எழிலின் நடுவிலே மனிதர் செய்த கொடுமையின் நினைவும் நிற்கிறது.

அப்பால் பிவிண்டிக் காடு. 'ஊடுருவ இயலாத காடு' என்று ஆங்கிலத்தில் அதற்கு அடைமொழி கொடுத்திருக்கிறார்கள். சுமார் 330 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு 1991-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. விடியற்காலையிலேயே தடம் தேடுவோர் சிலர் முன்னதாகப் புறப்பட்டு, கொரில்லாக் கூட்டம் முந்திய இரவில் உறங்கிய இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தழைகளை மடித்து இரவுதோறும் புதிய படுக்கை அமைத்துக்கொள்வது கொரில்லாவின் வழக்கம். படுக்கையிலிருந்து தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, பின்னால் வரும் யாத்திரிகர் கோஷ்டிக்குச் செய்தி அனுப்புவார்கள். சேறும் முட்செடியும் வழுக்கும் வேரும் நிறைந்த சரிவில், வழிகாட்டி அரிவாளால் கொடிகளை வெட்டிக்கொண்டே முன் செல்வார். ஒரு மணி நேரத்தில் காணக் கிடைப்பதும் உண்டு. ஆறு மணி நேரம் நடக்க நேர்வதும் உண்டு.

கண்டபின் கிடைக்கும் நேரம் ஒரு மணிதான். ஒரு நாளில் ஒரு கூட்டத்தை எட்டுப் பேருக்கு மேல் பார்க்கலாகாது. பதினைந்து வயதுக்குக் குறைந்தோருக்கு அனுமதியில்லை. சளியோ காய்ச்சலோ உள்ளவர், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும், மலையடிவாரத்திலேயே நின்றுவிட வேண்டும். முன்பு 7 மீட்டர் தூரம் விலகி நிற்க வேண்டும் என்று விதி இருந்தது. 2020-இல் கொரோனா பரவியபின் அதை 10 மீட்டராக்கி, முகக்கவசத்தையும் சேர்த்தார்கள். விதிகள் மனிதனைக் கொரில்லாவிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டவை என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. மனிதனிடமிருந்து கொரில்லாவைக் காப்பதற்காகவே அவை ஏற்பட்டன. உடலமைப்பில் நமக்கு மிக நெருங்கிய பிராணியாதலால், நம் நோய்கள் அதற்கும் தொற்றுகின்றன. அவற்றை எதிர்க்கும் வல்லமையோ அதனிடம் இல்லை. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிப் போகும் சளி, அதன் உயிரையே வாங்கக் கூடும். 2009-இல் ருவாண்டாவில் மனிதருக்கு வரும் ஒரு சுவாசக் கிருமி ஒரு கூட்டத்தில் புகுந்து, பெண் கொரில்லா ஒன்றும் குட்டி ஒன்றும் இறந்தன.

அந்த ஒரு மணி நேரத்தில் காண்பது என்ன? பெரும்பாலும் ஒரு குடும்பம் காலை உணவு உண்பதைத்தான். தலைவனாகிய ஆணுக்குச் சுமார் பன்னிரண்டு வயதில் முதுகு ரோமம் வெள்ளி நிறமாக மாறுகிறது. அதன் எடை 200 கிலோவை எட்டுவதுண்டு. அவ்வளவு பெரிய உடம்பும் காட்டுச் செலரித் தண்டு, நெருஞ்சிலை ஒத்த முட்செடி, செந்தட்டி, மூங்கிற் குருத்து ஆகியவற்றாலேயே வளர்கிறது. தழையிலேயே நீர் மிகுந்திருப்பதால் அது தண்ணீர் குடிப்பது மிக அரிது. மார்பில் அறைந்துகொள்வதும் வெறும் கோபமன்று. அந்த ஓசையின் தன்மையிலிருந்தே அறைவது எத்துணைப் பெரிய உடம்பு என்பதை மற்றவை தெரிந்துகொள்கின்றன என்று 2021-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. சண்டையைத் தவிர்ப்பதற்கு அது ஓர் உபாயம். தாய் ஏறத்தாழ நான்காண்டுகளுக்கு ஒரு முறையே குட்டி ஈனும். ஆகவே ஒன்றை இழந்தால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும். கைரேகையால் மனிதரை அடையாளம் காண்பது போல, மூக்கின் மேலுள்ள சுருக்கங்களைக் கொண்டு ஒவ்வொரு கொரில்லாவையும் காவலர்கள் பிரித்தறிகிறார்கள்.

இந்த இனத்தை ஐரோப்பியர் அறிந்த விதமே துப்பாக்கியால்தான். 1902-இல் பெரிங்கே என்ற ஜெர்மானியப் படைத்தலைவர் சபின்யோ மலையில் இரண்டைச் சுட்டு வீழ்த்தினார். சுட்டவரின் பெயரையே விஞ்ஞானம் அந்த இனத்துக்குச் சூட்டியது. பின்னர் காட்சிசாலைக்காகக் கொரில்லாக்களைச் சுட வந்த அமெரிக்கரான கார்ல் ஏக்லி மனம் மாறி, அவற்றைக் காக்கவேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1925-இல் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டின் பெயரால் ஒரு தேசியப் பூங்கா அங்கே தோன்றியது. ஜார்ஜ் ஷாலர் 1959-இல் வந்து, ஆயுதமின்றி அவற்றின் அருகே அமர்ந்து கவனித்து, அவை சாதுவானவை என்று உலகுக்குக் காட்டினார். 1967-இல் டயான் ஃபாஸி என்ற பெண்மணி விருங்கா மலைகளில் ஆராய்ச்சி நிலையம் அமைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார்; 1985-இல் அங்கேயே கொலையுண்டார். 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலைகளில் எஞ்சியிருந்தவை சுமார் 250 மட்டுமே. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இனமே அற்றுவிடும் என்று அன்று அஞ்சினார்கள்.

அஞ்சியபடி நடக்கவில்லை. 2018-இல் முடிந்த கணக்கின்படி, விருங்காவிலும் பிவிண்டியிலுமாகச் சேர்த்து 1,063 மலைக் கொரில்லாக்கள் இருந்தன. பெருங்குரங்கு இனங்கள் உலகெங்கும் குறைந்துவரும் காலத்தில், பெருகியதாகக் கணக்கில் வந்தது இது ஒன்றே. காவலும் மருத்துவமும் ஒரு காரணம். யாத்திரிகர் தரும் பணம் மற்றொரு காரணம். அனுமதிச் சீட்டுக்கு உகாண்டா 2024-இல் 800 டாலரும், ருவாண்டா 2017 முதல் 1,500 டாலரும் விதித்தன. பின்னது நம் ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். காவலர் சம்பளம், மருத்துவர் செலவு எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான். ஆகவே பார்க்க வருகிறவனின் பணம் கொரில்லாவைக் காக்கிறது. அவன் விடும் மூச்சு அதற்கு ஆபத்தாகிறது. இந்த முரண்பாட்டின் நடுவில்தான் அந்த ஒரு மணி நேரம் அமைந்திருக்கிறது.

ஆனால் யாத்திரிகன் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுகிறான். ஆண்டு முழுவதும் கொரில்லாவின் அருகே வாழ்பவன் குடியானவன். 1996-இல் பிவிண்டியில் ஒரு கூட்டத்துக்குச் சொறி நோய் கண்டது. ரோமம் உதிர்ந்தது, ஒரு குட்டி மாண்டது. அப்போது உகாண்டாவின் வனவிலங்கு மருத்துவராகப் புதிதாகப் பதவியேற்றிருந்த கிளாடிஸ் கலேமா சிகுசோகா என்ற இளம் பெண்மணி மருந்து கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றினார். நோய் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது, கொல்லைப் பொம்மைகளின் மேல் ஐயம் விழுந்தது. பயிரைக் காப்பதற்காகக் குடியானவர்கள் தம் கிழிந்த, அழுக்கேறிய துணிகளைப் பொம்மைக்குப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். காட்டைவிட்டு வெளியே வந்த கொரில்லாக்கள் அந்தத் துணியைத் தொட்டிருக்கவேண்டும். சோப்புக்கும் மருந்துக்கும் வழியில்லாத ஏழைக் குடும்பத்தின் சொறிதான் காட்டுக்குள் போயிற்று. மனிதருக்கு வைத்தியம் செய்யாமல் கொரில்லாவுக்கு மட்டும் வைத்தியம் செய்வது வீண் என்பதை உணர்ந்த அந்த மருத்துவர், 2003-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கிராமத்து மக்களின் சுகாதாரத்தையும் கொரில்லாவின் சுகாதாரத்தையும் ஒரே காரியமாக நடத்தலானார்.

வேறொரு அண்டை வீட்டாரும் உண்டு. பட்வா என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள்ளேயே வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். 1991-இல் காடு பூங்காவானபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உழுவதற்கு நிலமில்லை, நிலத்தின் பத்திரம் இல்லாததால் நஷ்டஈடும் இல்லை. பிறருடைய கொல்லைகளின் ஓரத்தில் கூலிகளாக அவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று உகாண்டாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கொரில்லா பிழைத்த கதையைச் சொல்லும்போது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பயிரை யானையும் எருமையும் மிதிக்க, பூங்காவின் வருமானத்தில் சிறு பங்கே தமக்கு வருகிறது என்ற குறை குடியானவர்களுக்கும் உண்டு. 2020-இல் யாத்திரிகர் வரவு அடியோடு நின்றிருந்த மாதங்களில், பிவிண்டியில் 'ரஃபிகி' என்று பெயரிடப்பட்ட வெள்ளிமுதுகு ஆண் ஒன்று வேட்டைக்காரனின் ஈட்டிக்கு இரையாயிற்று. வருவாயின்றி வயிறு காயும்போது காவல் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

பிவிண்டிக்குத் தெற்கே கிசோரோ என்ற ஊரைத் தாண்டினால் ருவாண்டாவின் எல்லை. உகாண்டாவில் நம் நாட்டைப் போல இடப்புறம் ஓடிய வண்டி, அங்கே வலப்புறம் மாறி ஓட வேண்டும். எரிமலைகளின் அடிவாரத்தில் முசான்சே நகரம். அங்கே காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே எரிமலைக் கற்களை அடுக்கி நெடுஞ்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எருமைகள் பயிருக்குள் புகாமல் தடுப்பதே அதன் நோக்கம். பூங்காவின் வருமானத்தில் நூற்றுக்குப் பத்து சுற்றியுள்ள கிராமங்களுக்கு என்று 2017-இல் அந்த அரசாங்கம் வகுத்தது. அதற்கு முன்பு நூற்றுக்கு ஐந்தாக இருந்தது. 2005 முதல் அங்கே கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் விழாவும் நடந்துவருகிறது. மனிதக் குழந்தைக்கு ஊர் கூடிப் பெயரிடும் பழைய வழக்கத்தையே குட்டிக்கும் நீட்டித்திருக்கிறார்கள்.

மேற்கே இறங்கினால் கிவு ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் நீர் வடக்கே நைலை நோக்கி ஓடிற்று. விருங்கா எரிமலைகள் எழுந்து வழியை மறித்ததால், தெற்கே திரும்பி டாங்கனிக்காவில் விழுந்து, காங்கோ நதியைச் சேருகிறது. மாலையில் மூன்று மூன்று படகுகளாகப் பிணைத்து விளக்கேற்றி, பாடிக்கொண்டே 'சம்பாசா' என்ற நெத்திலி போன்ற மீனைப் பிடிக்கப் புறப்படுவார்கள். காட்சி மனோகரமானது, ஆனால் ஏரியின் ஆழத்தில் கரியமில வாயுவும் மீதேன் வாயுவும் ஏராளமாகக் கரைந்து கிடக்கின்றன. காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து 1986-இல் இத்தகைய வாயு வெளிப்பட்டுச் சுமார் 1,700 பேர் மூச்சடைத்து மாண்டனர். கிவு அதைவிடப் பன்மடங்கு பெரியது. அதனால் மீதேனை வெளியே எடுத்து மின்சாரமாக்கும் நிலையம் ஒன்றை ருவாண்டாக் கரையில் அமைத்தார்கள். 2016-இல் திறப்பு விழா நடந்தது. வடகரையில் காங்கோவின் கோமா நகரம். அதன் தலைமாட்டில் நியிராகோங்கோ எரிமலை. 2002-இலும் 2021-இலும் அதன் தீக்குழம்பு இறங்கி வீடுகளை விழுங்கியது. 2025 ஜனவரியில் அந்த நகரம் கலகப் படையினர் கையில் விழுந்தது. காங்கோவின் விருங்காப் பூங்காவில், காவற்பணியில் உயிர்நீத்தவர் 200 பேருக்கும் மேற்பட்டவர். ஆகவே இன்று யாத்திரிகர் எல்லைக்கு இப்பால் நின்று பார்ப்பதே விவேகம்.

யாத்திரையின் முடிவு கிகாலி. ருவாண்டாவின் தலைநகரான அதுவும் குன்றுகளின் மேல் அமைந்த நகரந்தான். தெருக்களின் தூய்மை வருவோரை வியப்பில் ஆழ்த்தும். பிளாஸ்டிக் பைகளை 2008-இலேயே தடை செய்துவிட்டார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் நாடு முழுவதும் மக்கள் தெருவில் இறங்கிப் பொதுப்பணி செய்கிறார்கள். அதே நகரத்தில் கிசோசிக் குன்றின்மேல் ஒரு நினைவாலயம் இருக்கிறது. 1994 ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கிய நூறு நாட்களில் டூட்ஸி இனத்தவர் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் இரண்டரை லட்சம் பேரின் எச்சங்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. கொன்றவர்களிற் பலர் கொல்லப்பட்டவர்களின் அண்டை வீட்டார். கொரில்லாவைக் காணப் போகிறவர் இந்த இடத்தையும் காணாமல் திரும்பலாகாது. அண்டை வீட்டாராய் வாழ்வது எவ்வளவு அரிய கலை என்பதை அந்தக் குன்று கற்பிக்கிறது.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மழை குறைந்த ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் நடப்பதற்கு ஏற்ற காலம். அனுமதிச் சீட்டைப் பல மாதங்கள் முன்னதாகவே பெறவேண்டும். மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொண்டு சான்றிதழ் வைத்திருப்பது அவசியம். சான்றிதழின்றித் திரும்புவோரை நம் நாட்டிலேயே தனித்து வைத்துவிடுவார்கள். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் பொதுவான விசா ஒன்றும் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான குறிப்பு ஒன்று உண்டு. அங்கே போகும்போது உள்ளூர்ச் சுமையாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். கிராமத்தார் முடைந்த கூடையை அவர்களிடமே வாங்குங்கள். பட்வா மக்களின் சொல்லையும் கேளுங்கள். உடம்பு சரியில்லையென்றால், எவ்வளவு பணம் போனாலும் மலையேறாதீர்கள். கொரில்லாவைக் காப்பது காட்டுக்குள்ளே மட்டும் நடக்கும் காரியமன்று. காட்டின் ஓரத்தில் நிற்கும் பொம்மையின் மேல் எந்தச் சட்டை கிடக்கிறது, அந்தச் சட்டைக்கு உரியவனின் வீட்டில் சோப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அது நடக்கிறது.